கல்வாழையுடன் பல ஆண்டுகள்: சிங்கப்பூர்த் தோட்ட அனுபவம்

எங்கள் வட்டாரச் சமூகத் தோட்டத்தில் பல ஆண்டுகளாகக் கல்வாழை வளர்த்து வருகிறேன். அமெரிக்க வெப்பமண்டலத்தைத் தாயகமாகக் கொண்ட இந்தச் செடியின் கிழங்கை, குளிர்நாட்டவர்கள் உறைபனிக்கு முன்பே தோண்டியெடுத்துப் பாதுகாக்க வேண்டியிருக்கிறது. நிலநடுக்கோட்டை ஒட்டிய நம் தீவில் அதற்கு ஓய்வுக்காலமே இல்லை. ஆண்டு முழுவதும் பூப்பதால் அதன் பசியும் ஓய்வதில்லை. இங்கே பல கல்வாழைப் புதர்கள் சோர்ந்து நிற்பதற்குப் பழைய தண்டுகளை வெட்டாமல் விடுவதே முதற்காரணம் என்பது என் உறுதியான கருத்து.

ஒவ்வொரு தண்டும் உச்சியில்தான் பூக்கும். ஒரு மலர் ஓரிரு நாளில் வாடினாலும், அதே கொத்தில் அடுத்தடுத்து மொட்டுகள் விரியும். கொத்து முடிந்ததும் கூர்ந்து பார்த்தால், சற்றுக் கீழே இலையடியை ஒட்டி இன்னொரு மெல்லிய பூங்காம்பு தலைகாட்டும். அதற்கு மேலே வெட்டிவிட்டால் அதே தண்டு மறுபடியும் பூக்கும். அதன் பிறகு தண்டை மண்மட்டத்துக்கு அறுத்துவிட வேண்டும். விட்டுவைத்தால், அடியிலிருந்து கிளம்பும் புதுக் குருத்துகளுக்கு வெயிலும் காற்றும் கிடைக்காது. நாம் இதழ்கள் என்று ரசிப்பவை உண்மையில் உருமாறிய மகரந்தத் தாள்கள். மிக மெல்லியவை என்பதால் அடைமழையில் கிழிந்துபோகும். அதைக் கண்டு நோய் என்று அஞ்ச வேண்டியதில்லை.

அஞ்ச வேண்டியது துருநோய்க்குத்தான். வடகிழக்குப் பருவமழைக் காலம் முழுவதும் இலைகளைத் திருப்பிப் பார்ப்பது என் வழக்கம். அடிப்புறத்தில் செம்மஞ்சள் புள்ளிகள் தோன்றி, விரலால் தடவினால் மஞ்சள்தூள் போல ஒட்டிக்கொண்டால், அது பூஞ்சையின் வேலை. அத்தகைய இலைகளை உலுக்காமல் நறுக்கி, பையில் கட்டிக் குப்பையில் சேர்க்கிறேன், எருக்குழியில் போடுவதில்லை. இலைமேல் நீர் தெளிக்காமல் வேரடியில் ஊற்றுவதும், புதரின் நெருக்கத்தைக் குறைப்பதும் மருந்தைவிட எனக்கு அதிகம் பயன்பட்டுள்ளன. இலையைச் சுருட்டிக்கொண்டு உள்ளே தின்னும் புழுக்களைக் கையாலேயே எடுத்துவிடலாம்.

புதரின் நடுப்பகுதி வெறுமையாகி, பூக்கள் சிறுக்கத் தொடங்கினால், கிழங்கைத் தோண்டிப் பிரிக்கும் நேரம் வந்துவிட்டது என்று கொள்ளலாம். இரண்டு மூன்று முளைக்கண்கள் உள்ள துண்டுகளை மட்டும் வைத்துக்கொண்டு, மக்கிய எரு கலந்த புது மண்ணில் ஆழமின்றி நடுகிறேன்.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டுத் தாழ்வாரத்தில் வளர்க்க விரும்புவோர் குட்டை ரகங்களையே தேர்ந்தெடுக்க வேண்டும். நடைபாதையில் 1.2 மீட்டர் வழி விடவேண்டும் என்ற விதி இருப்பதால், அகலமாகப் பரவும் உயர ரகங்கள் அங்கே பொருந்தா. நேரடி வெயில் நாளுக்கு ஆறு மணி நேரமாவது விழாத இடத்தில் இலை செழிக்கும், பூ வராது. அத்தகைய வீட்டுக்கு நான் இதைப் பரிந்துரைப்பதில்லை. தொட்டிக்கு அடியில் தட்டு வைத்தால் தேங்கும் நீரை அன்றன்றே கொட்டிவிடுங்கள், ஏடிஸ் கொசு முட்டையிட அந்த நீரே போதும்.

செடியாக வாங்கும்போது பூவின் நிறத்தைப் பார்ப்பதற்கு முன் இலைகளைப் பாருங்கள். நரம்புகளுக்கு இணையாக வெளிர்மஞ்சள் கீற்றுகள் ஓடினால் அது வைரஸ் தொற்றாக இருக்கலாம். அதற்கு மருந்து கிடையாது, கிழங்கைப் பிரித்து நட்டால் புதுச்செடிக்கும் அது போய்ச்சேரும்.