பழைய வண்டிக்கு எது: சாதா இ20, பிரீமியம் 95, இல்லை 100 ஆக்டேனா?

இ20 என்றால் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். 95, 100 என்பவை ஆக்டேன் எண்கள், அதாவது அழுத்தத்தில் பெட்ரோல் நேரத்துக்கு முன் வெடிக்காமல் தாங்கும் திறன். பங்க்கில் எதற்கு விலை அதிகமோ அதுதான் பழைய வண்டிக்கு நல்லது என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. ஆக்டேன் எண்ணைப் பார்ப்பதற்கு முன் இன்ஜினின் கம்ப்ரெஷன் விகிதத்தைப் பாருங்கள், அதாவது சிலிண்டருக்குள் கலவை எத்தனை மடங்கு அழுத்தப்படுகிறது என்பதை. இரும்பு இன்ஜின் புல்லட் 350-க்கு அது 5.5:1. அம்பாசடரின் 1489 சிசி இன்ஜினும் பத்மினியும் 7, 8 சுற்றில் நிற்பவை. இவ்வளவு குறைந்த அழுத்தத்துக்கு 91 ஆக்டேனே தாராளம். அதற்கு மேல் ஊற்றினால் வேகமும் கூடாது, மைலேஜும் கூடாது. வண்டியைப் படுத்துவது பெட்ரோலில் கலந்திருக்கும் எத்தனால்.

பிரீமியம் 95-ஐ முதலிலேயே ஒதுக்கிவிடலாம். சாதா இ20-க்கே தர நிர்ணயப்படி 95 ஆக்டேன் இருக்க வேண்டும். பிரீமியத்திலும் எத்தனால் உண்டு. கூடுதல் காசுக்குக் கிடைப்பது கார்பன் படியாமல் தடுக்கும் மருந்து மட்டுமே. எத்தனாலால் ரப்பர் பாகங்கள் உப்புவதை அது தடுக்காது.

ஆக, போட்டி இ20-க்கும் 100-க்கும்தான். இந்தியன் ஆயிலின் எக்ஸ்பி100 எத்தனால் சேராதது என்றே விற்கப்படுகிறது. விலை ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. எல்லா ஊரிலும் கிடைக்காது.

தினமும் ஓடும் வண்டிக்கு இ20 போதும், ஆனால் முதலில் பாகங்களை மாற்றிவிடுங்கள். பெட்ரோல் டியூபை எத்தனால் தாங்கும் ரகமாகப் போடுங்கள். கார்புரேட்டரின் ஊசி நுனி, ஓ-ரிங், அம்பாசடர் பம்ப்பின் டயாஃப்ரம் ஆகியவற்றுக்கு எத்தனாலில் உப்பாத விட்டான் ரப்பர் கேளுங்கள். பழைய பெட்ரோல் டேப்பில் கார்க் இருந்தால் அதையும் மாற்றுங்கள். அரக்கு பூசிய கார்க் மிதவை இன்னும் இருந்தால், சாராயத்தில் அரக்கு கரைவதுபோல அந்தப் பூச்சும் கரைந்து, கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் சிறு துளையான ஜெட்டை அடைக்கும். டேங்க்கின் உள்ளே யாரோ எப்போதோ பூசிய சீலரும் தோல் தோலாக உரியலாம். முதல் இரண்டு மூன்று டேங்க் வரை கூடுதல் ஃபில்டர் ஒன்றை வண்டியிலேயே வைத்திருங்கள். பல வருட அழுக்கு அப்போதுதான் கிளம்பி வரும்.

அடுத்தது ஜெட். ஒரு பங்கு பெட்ரோல் எரிய 14.7 பங்கு காற்று வேண்டும், இ20-க்கு 13.5 அளவே போதும். கார்புரேட்டருக்கு இது தெரியாது, பழைய அளவிலேயே விடும். கலவையில் பெட்ரோல் போதாமல் இன்ஜின் சூடேறும், ஆக்சிலேட்டரைத் திருப்பினால் திக்கும், ஸ்பார்க் பிளக் வெளுத்துவிடும். 90-ம் எண் மெயின் ஜெட் இருந்தால் அதைவிடப் பெரிய 95-ம் எண் ஜெட்டைப் போட்டுப் பார்த்து, பிளக் காபிப்பொடி நிறத்துக்கு வருகிறதா என்று கவனியுங்கள்.

மாதக்கணக்கில் ஷெட்டில் நிற்கும் வண்டி வேறு கணக்கு. எத்தனால் ஈரத்தை இழுக்கும். ஒரு கட்டத்தில் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பெட்ரோலைவிட்டுப் பிரிந்து டேங்க்கின் அடியில் தங்கிவிடும். துரு பிடிப்பது அங்கேதான், ரிசர்வ் குழாய் உறிஞ்சுவதும் அங்கிருந்துதான். ஜாவா, எஸ்டி, பழைய சேட்டக் போல ஆயில் கலந்து ஓட்டும் டூ-ஸ்ட்ரோக்குகளில் ஆபத்து இன்னும் பெரிது. ஆயில் மேலே இருக்கும் பெட்ரோலோடு தங்கிவிடும். அடியில் வருவதில் வழவழப்பே இருக்காது, பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். இந்த வண்டிகளுக்கு 100-க்குக் கொடுக்கும் காசு வீண் இல்லை. நிறுத்துவதற்கு முன் பழையதை வடித்துவிட்டு, 100-ஐக் கழுத்துவரை நிரப்பி, டேப்பை மூடி, கார்புரேட்டர் காலியாகி இன்ஜின் தானாக அணையும் வரை ஓட விடுங்கள்.

வாங்கியதில் எத்தனால் எவ்வளவு என்று சந்தேகமா? 100 மி.லி. அளவுகோடு போட்ட கண்ணாடிக் குழாயில் 10 மி.லி. தண்ணீரும் 90 மி.லி. பெட்ரோலும் ஊற்றி, மூடிக் குலுக்கி, பத்து நிமிடம் வையுங்கள். அடியில் உள்ள நீர் அடுக்கு 10-லேயே நின்றால் எத்தனால் இல்லை. 28-ஐ ஒட்டி ஏறியிருந்தால் அது இ20. நெருப்புப் பக்கம் வேண்டாம். இதே முறையில் டேங்க் அளவுக்கு எத்தனாலைக் கழுவி எடுப்பவர்களும் உண்டு. எத்தனாலோடு அது தந்த ஆக்டேனும் போய்விடும், கழுவிய தண்ணீரைக் கொட்டவும் இடம் இருக்காது. செய்யாதீர்கள்.

வால்வ் மூடும்போது உட்காரும் விளிம்பான சீட்டைத் தேயாமல் காத்த ஈயம் இப்போது இல்லையே என்ற கவலைக்கு மூன்று பெட்ரோலிலும் பதில் கிடையாது. 2000-ல் நாடு முழுக்க ஈயம் நிறுத்தப்பட்டது. இரும்பு ஹெட்டிலேயே வெட்டிய வால்வ் சீட்டுகள் நெடுஞ்சாலை வேகத்தில் நெடுநேரம் ஓடினால்தான் தேயும், 60 கி.மீ. வேகத்தில் போகிறவர் பயப்பட வேண்டாம். அடையாளம் டேப்பட் இடைவெளி, அதாவது வால்வுக்கும் அதை அழுத்தும் பாகத்துக்கும் நடுவே விடும் சந்து. அம்பாசடரில் 0.015 அங்குலம் வைத்தது, 2,000 கி.மீ.க்குள் திரும்பத் திரும்பக் குறுகினால் சீட் உள்ளே இறங்குகிறது என்று பொருள். அப்போது ஹெட்டைக் கழற்றி, கடினப்படுத்திய சீட் வளையம் போட்டுவிடுங்கள்.