உப்புக்காற்றில் நான்கு வருடம்: பேக், கிளவுஸ், கால் எலும்பு

மண்டபம் பக்கம் எங்கள் ஊரில் ரோட்டில் நின்று வடக்கே நடந்தால் பாக் விரிகுடா, தெற்கே நடந்தால் மன்னார் வளைகுடா. வடகடலைப் பெண் கடல் என்போம், தென்கடலை ஆண் கடல். வைகாசியில் கச்சான் (தென்மேற்குக் காற்று) கிளம்பினால் தென்கடல் இரைய ஆரம்பிக்கும். ஐப்பசியில் வாடை திரும்பினால் வடகடலின் முறை. வருடம் முழுக்க ஏதாவது ஒரு பக்கத்திலிருந்து உப்பு வந்துகொண்டே இருக்கும். பஞ்சிங் பேக், கிளவுஸ் வாங்குவதற்கு முன் நான் படித்த எதிலும் இந்த உப்பைப் பற்றி ஒரு வரி இல்லை. கீழக்கரையோ தொண்டியோ ராமேஸ்வரமோ, கடலோரத்தில் இருந்துகொண்டு ஃபுல் கான்டாக்ட் (அடி நிஜமாகவே விழுகிற) சண்டைப் பயிற்சி செய்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

எனக்கு 36 வயது, எடை 68 கிலோ. சின்ன வயதில் சிலம்பம், பிறகு கிக்பாக்ஸிங். வீட்டுக்குப் பின்னால் கீற்றுக் கொட்டகை போட்டு, நானும் ஊர்ப் பையன்கள் ஏழெட்டுப் பேரும் பயிற்சி செய்கிறோம். கொட்டகையின் பனை உத்திரத்தில் 2021 ஆவணியில் முதல் பேக்கைத் தொங்கவிட்டேன்.

நாலடி உயரம், வெளியே ரெக்சின், உள்ளே காலி. நிரப்பிக்கொள்வது நம் பொறுப்பு. அங்கேதான் முதல் தப்பு நடந்தது. அடியில் ஒரு முழத்துக்குக் கடற்கரை மணலைக் கொட்டி, மேலே பழைய துணியைத் திணித்தேன். மணல் நாளுக்கு நாள் இறுகும். மூன்றாவது மாதம் லோ கிக் (தாழ்வான உதை) விழுகிற இடம் அம்மிக்கல் மாதிரி ஆகிவிட்டது. அதைவிடப் பெரிய தொல்லை ஈரம். கடல் மணலில் இருக்கிற உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். வாடை மாதங்களில் காலையில் போய்த் தொட்டால் பேக்கின் அடிப்பாகம் வியர்த்திருக்கும். ஏழாவது மாதம் அடித் தையல் இற்று, மணல் சரசரவென்று ஒழுகியது. மணல் வேண்டவே வேண்டாம். கழுவிக் காயவைத்த மணலும் கெட்டிப்படத்தான் செய்யும்.

இப்போது உள்ளே இருப்பது வலை. விசைப்படகில் கழித்துப் போட்ட இழுவை மடியை முழ நீளத்துக்கு வெட்டி, இறுக்கிச் சுருட்டி நடுவில் நிறுத்தி, சுற்றிலும் பழைய கைலியும் தையல்கடைத் துண்டுத்துணியும் திணித்திருக்கிறேன். மொத்தம் 34 கிலோ, கிட்டத்தட்ட என் எடையில் பாதி. இந்த வலையில் தண்ணீர் தங்காது, மக்காது, அடி வாங்கிவிட்டுத் தானாக நிமிரும். மூன்று வருடத்தில் இரண்டு தடவைதான் பிரித்துத் திணித்தேன். இதற்குச் செலவு என்று பார்த்தால் ஒரு டீயும் வடையும்.

ஒரு எச்சரிக்கை. வலையைத் திணிப்பதற்கு முன் ஒவ்வொரு துண்டையும் விரலால் தடவிப் பாருங்கள். ஒரு ஈயக்குண்டு கயிற்று முடிச்சோடு உள்ளே தங்கியிருந்தது, நான் கவனிக்கவில்லை. இரண்டு வாரம் ஒன்றும் தெரியவில்லை. ஒருநாள் வலது கையால் ஹூக் (பக்கவாட்டுக் குத்து) போட்டபோது சுண்டுவிரல் முட்டிக்குக் கீழே ‘சுளீர்’ என்றது. எக்ஸ்ரேயில் மயிரிழைக் கீறல். ஆறு வாரம் கை கட்டுக்குள் இருந்தது. பேக்கைப் பிரித்துப் பார்த்தால் புளியங்கொட்டையைவிடக் கொஞ்சம் பெரிய குண்டு, ஒரு பக்கம் நசுங்கிப் பளபளத்துக்கொண்டிருந்தது. அதை இன்னும் கொட்டகை மூங்கிலில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். புதிதாக வருகிற பையன் அது என்ன என்று கேட்டால், கதை சொல்லிவிட்டுத்தான் கிளவுஸுக்குள் கட்டுகிற கைக்கட்டுத் துணியையே சுற்றவிடுவேன்.

அடி விழுகிற இடத்தில் சாமான் கெடும் என்றுதான் எல்லோரும் நினைப்போம். எங்கள் பக்கம் அது கெடுவது அடியே படாத இடத்தில். பேக்கோடு வந்த சங்கிலியில் ஆறே மாதத்தில் செம்பொடி உதிர ஆரம்பித்தது. மேல் துரு என்று எண்ணெய் பூசிவிட்டு இருந்தேன். பதினோராம் மாதம் ஒரு பையன் மிடில் கிக் போட்டபோது கொக்கி வாய் பிளந்து பேக் அப்படியே இறங்கியது. அவன் காலை இழுத்துக்கொண்டதால் அடி கட்டைவிரல் நகத்தோடு நின்றது. கொக்கியை எடுத்துப் பார்த்தேன். வெளியே தடிமனாகத் தெரிந்த கம்பி, உரசுகிற வளைவில் மட்டும் தென்னங்குச்சி அளவுக்குத் தேய்ந்திருந்தது. துருப் பிடிப்பதும், ஆடும்போது உரசி உதிர்வதும், மறுபடி புது இரும்பில் துரு ஏறுவதுமாக அந்த ஒரே இடத்தைத் தின்றிருக்கிறது. விற்றவர்களிடம் கேட்டதற்கு, கடலோரத்தில் மாட்டினால் வாரண்டி கிடையாது என்றார்கள். வாங்கும்போது அதை யாரும் சொல்லவில்லை.

அடுத்து ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் சங்கிலி வாங்கினேன். அதிலும் எட்டு மாதத்தில் பழுப்புப் புள்ளி விழுந்தது. படகு வேலை செய்கிற எங்கள் சித்தப்பாவிடம் காட்டினேன். கையில் வாங்கி நகத்தால் சுரண்டிப் பார்த்தார்.

“இது வீட்டுக்குப் போடுற ஸ்டீலுடா. கடலுக்குப் போடுறது வேற. கடையில முந்நூத்திப் பதினாறுன்னு கேட்டு வாங்கு. முந்நூத்தி நாலு கொடுத்தா வேணாம்னுட்டு வந்துரு.”

அவர் சொன்னது சரி. 304 ரகத்தில் குரோமியமும் நிக்கலும் உண்டு. 316 ரகத்தில் அவற்றோடு மாலிப்டினமும் 2 முதல் 3 சதவீதம் சேர்த்திருப்பார்கள். உப்பு, ஸ்டீலில் புள்ளி புள்ளியாகக் குழி பறிப்பதைத் தடுப்பது அதுதான். விலை கூடுதல்தான், ஆனால் 316 ஷேக்கிளும் (மாட்டு வளையம்) ஸ்விவலும் (சுழல் கொக்கி) போட்டு இரண்டேகால் வருடம் ஆகிறது, புள்ளி இல்லை. அதோடு சங்கிலிக்குத் துணையாக, கொஞ்சம் தொய்வாக ஒரு படகுக் கயிற்றையும் உத்திரத்தில் சுற்றிக் கட்டியிருக்கிறேன். சங்கிலி விட்டாலும் கயிறு பிடிக்கும். எந்த ஊரில் இருந்தாலும் இந்தக் கயிறு இல்லாமல் பேக் மாட்டாதீர்கள், அடியில் நிற்பது யார் வீட்டுப் பிள்ளையாகவோ இருக்கும்.

கிளவுஸ் கதையும் இதேதான். செயற்கைத் தோல் கிளவுஸ் 14 மாதத்தில் தோல் உரிந்த பல்லி மாதிரி ஆனது. இப்போது வைத்திருப்பது எருமைத்தோல், 16 அவுன்ஸ், அதாவது ஒரு கைக்கு 454 கிராம் சுமார். மூன்றாவது வருடம் ஓடுகிறது. ஆனால் தோலுக்கு வேலை அதிகம். பயிற்சி முடிந்ததும் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைக்க வேண்டும், உள்ளே செய்தித்தாள் திணித்து நிழலில் வைக்க வேண்டும். ஒரு வாடை மாதத்தில் நாலு நாள் ஊருக்குப் போய்விட்டு வந்தேன். பையிலேயே கிடந்த கிளவுஸ் முழுக்கப் பூசணம், பச்சையும் வெள்ளையுமாக. வெல்க்ரோவில் மணல் ஏறினால் ஒட்டாது, பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் வாராவாரம் தேய்க்க வேண்டும். கைக்கட்டு நாலரை மீட்டர் பருத்தி. அதைக் கிணற்று உவர்த்தண்ணீரில் அலசினால் காய்ந்ததும் அட்டை மாதிரி விறைத்து விரலிடுக்கைக் கிழிக்கும், அதற்கு மட்டும் குடிதண்ணீர்தான்.

இனி உடம்பு.

சாமானைப் பற்றி எழுதினாலும் நான் அதிகம் கற்றது கால் எலும்பில்தான். முழங்காலுக்குக் கீழ் எலும்பை மரத்துப்போகச் செய்ய வேண்டும் என்று சோடா பாட்டிலால் உருட்டுவார்கள், கம்பால் தட்டுவார்கள். நானும் ஒரு வருடம் பாட்டில் உருட்டினேன். கிடைத்தது வீக்கமும் எலும்பின் மேல் முண்டும்தான். பளு விழுகிற விதத்துக்கு ஏற்ப எலும்பு தன்னை மாற்றிக் கட்டிக்கொள்ளும் என்று ஜூலியஸ் வுல்ஃப் என்ற ஜெர்மன் அறுவைசிகிச்சை மருத்துவர் 1892-லேயே எழுதிவைத்தார். அதற்கு வேண்டியது அளவான பளு, நடுவில் ஓய்வு, பிறகு மறுபடி பளு. வாரம் மூன்று நாள், ஒரு காலுக்கு 100 உதை, வலை நிரப்பிய பேக்கில். இவ்வளவுதான் செய்தேன். முதல் ஆறு மாதம் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. இரண்டாவது வருடக் கடைசியில் ஸ்பாரிங்கில் (பயிற்சிச் சண்டையில்) எதிராளி செக் வைத்தபோது, அதாவது என் உதையைத் தன் கால் எலும்பால் தடுத்தபோது, வலித்தது, ஆனால் கண் கலங்கவில்லை. தசை வாரக்கணக்கில் தேறும், எலும்பும் தசைநாரும் மாதக்கணக்கில்தான் தேறும். பையன்கள் அவசரப்படுவது இந்த இடத்தில்தான்.

ஓட்டத்துக்குக் கடற்கரை இருக்கிறதே என்று பலரும் பொறாமைப்படுவார்கள். உண்மைதான், ஆனால் பார்த்து ஓட வேண்டும். காய்ந்த மணலில் ஓடுவதற்குக் கெட்டித் தரையைப்போல் 1.6 மடங்கு சக்தி செலவாகும் என்று அளந்திருக்கிறார்கள். அந்தக் கூடுதல் உழைப்பைத் தருவது கெண்டைக்காலும் குதிகால் நாரும். எடுத்த எடுப்பில் வெறுங்காலோடு அரை மணி நேரம் ஓடினேன், மூன்று வாரம் நொண்டினேன். இன்னொன்று, கரை கடலை நோக்கிச் சரிந்திருக்கும். ஒரே திசையில் ஓடினால் ஒரு கால் எப்போதும் பள்ளத்தில், இடுப்பு பிடித்துக்கொள்ளும். போன தூரத்தை அதே தடத்தில் திரும்பி ஓடுங்கள். கச்சான் காலத்தில் வடகரை, வாடைக் காலத்தில் தென்கரை என்று மாறிக்கொள்வேன். மணலில் வாரம் இரண்டு நாள், பத்துப் பத்து வினாடி வேக ஓட்டம் மட்டும். மற்ற நாள் ஸ்கிப்பிங் கயிறு.

மூச்சுக்கு நான் செய்ததில் மிகச் சிறந்தது எந்தக் கடையிலும் கிடைக்காது. கரைவலை இழுப்பதுதான் அது. இடுப்பில் கயிற்றை மாட்டி, குதிகாலை மணலில் புதைத்து, பின்னோக்கி அடி அடியாக நகர வேண்டும். முதுகு, பிடி, தொடை, மூச்சு எல்லாம் ஒன்றாக வேலை செய்யும். வாரம் ஒருநாள் கரைவலைக்காரர்களோடு சேர்ந்துகொள்வேன். கிளிஞ்சில் (பிடிச்சண்டையில்) என்னைவிடப் பத்து வயது சின்னவனும் என் பிடியை விலக்கத் திணறுகிறான் என்றால் காரணம் அந்தக் கயிறு.

பையன்களில் பாதிப் பேர் கடலுக்குப் போகிறவர்கள். விசைப்படகு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகு நான்கு நாள் என்பதால் எங்கள் பயிற்சி நாளும் அதற்கேற்ப ஓடும். ராத்திரி முழுக்க வலை இழுத்துவிட்டு வந்தவனை நான் ஸ்பாரிங்கில் இறக்குவதில்லை. “அண்ணே, ஒரு ரவுண்டுதானே” என்று கெஞ்சுவான், விடமாட்டேன். தூக்கம் இல்லாத தலையில் அடி வாங்கக் கூடாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுக்கு மீன்பிடித் தடைக்காலம் 61 நாள், அதில் போகிறவர்கள் எல்லோரும் கரையில் இருப்பார்கள், அப்போதுதான் முழுப் பயிற்சி. ஆனால் அதுவே வெயிலின் உச்சமும்கூட. இங்கே வெக்கையைவிடப் புழுக்கம்தான் ஆபத்து. வியர்வை காயாமல் வழிந்துகொண்டே இருக்கும், உடம்பு குளிராது. மே மாதம் காலை ஐந்தரைக்கு ஆரம்பித்து ஒரு மணி நேரத்தில் என் எடை 1.4 கிலோ குறைந்ததைத் தராசில் பார்த்திருக்கிறேன். கிட்டத்தட்ட ஒன்றரை லிட்டர் தண்ணீர். அதிலிருந்து கொட்டகையில் தராசு வைத்துவிட்டேன். வந்ததும் ஏற வேண்டும், போகும்போதும் ஏற வேண்டும். குறைந்த எடைக்கு உப்புப் போட்ட நீராகாரமோ ஓஆர்எஸ்ஸோ குடித்துவிட்டுத்தான் சைக்கிளை எடுக்கலாம்.

சிலம்பம் பழகியவர்களுக்கு ஒன்று. காலடி வரிசையை விட்டுவிடாதீர்கள். இரண்டு நிமிட ரவுண்டில் கோணம் மாறி நிற்கும் பழக்கம் எனக்கு அதிலிருந்து வந்தது, பேக் அதைச் சொல்லித்தராது.

இந்த வாரம் பேக்கின் அடித் தையல் மறுபடி கொஞ்சம் பிரிந்திருக்கிறது. வலை பின்னுகிற ஊசியும் நைலான் நூலும் எடுத்துவைத்திருக்கிறேன். சித்தப்பா ஞாயிற்றுக்கிழமை வந்து தைத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்; இந்தத் தடவை இரட்டைத் தையல்.