தேங்காய் எண்ணெயா, பேரீச்சையா, வெல்லப் பாகா? வீட்டிலேயே சாக்லேட் கடலை

வீட்டுச் சாக்லேட் என்று யாரிடம் கேட்டாலும் முதலில் சொல்வது தேங்காய் எண்ணெய் முறையைத்தான். அரை கப் கோகோ பவுடர், அரை கப் எண்ணெய், இனிப்புக்கு நாட்டுச்சர்க்கரை, வறுத்த நிலக்கடலை, எல்லாவற்றையும் கலந்து அச்சில் ஊற்றி ஃப்ரிட்ஜில் வைத்தால் வேலை முடிந்தது. பேராவூரணிப் பக்கத்துச் செக்கு எண்ணெய் என்றால் வாசனைக்குக் கேட்கவே வேண்டாம். நானும் இதில்தான் ஆரம்பித்தேன். பங்குனி வெயிலில் மகளின் டிபன் பாக்ஸில் நான்கு துண்டு வைத்து அனுப்பினேன், மாலையில் பையைத் திறந்தால் கணக்கு நோட்டு முழுக்க எண்ணெய்!

மார்கழிக் காலையில் பாட்டிலுக்குள் எண்ணெய் உறைந்து நிற்குமே, அதுதான் காரணம். தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரியிலேயே உருகிவிடும். கடைச் சாக்லேட்டில் இருக்கும் கோகோ வெண்ணெய் 34 டிகிரி வரை தாங்கும். கும்பகோணத்தில் 24க்குக் கீழே போவது பெரும்பாலும் மார்கழி, தை மாதிரிக் குளிர்மாத விடியற்காலையில்தான். அதனால் இந்த வகை வீட்டை விட்டு வெளியே போகாது. இன்னொன்று, சர்க்கரை எண்ணெயில் கரையாது, எவ்வளவு கிண்டினாலும் பல்லில் நறநறக்கும். மிக்ஸியில் மாவாக அரைத்துச் சேர்த்தால் ஓரளவு சரியாகும்.

அடுத்தது பேரீச்சை. கொட்டை நீக்கிய பழம் இருபது, வறுத்துத் தோல் நீக்கிப் பொடித்த கடலை ஒரு கப், கோகோ இரண்டு மேசைக்கரண்டி, நெய் ஒரு கரண்டி, ஒரு சிட்டிகை உப்பு. அடுப்பு வேலை என்றால் கடலை வறுப்பது மட்டும்தான். மிக்ஸி சுற்றவில்லையே என்று தண்ணீர் தெளித்துவிடாதீர்கள், ஈரம் சேர்ந்தால் பூசணம் பிடித்துவிடும், விட்டு விட்டுச் சுற்றினாலே பழம் இளகி வரும். மெத்தென்று இருப்பதால் பல் கட்டியிருக்கும் என் மாமியாருக்கு இதுதான் பிடிக்கும். சின்னக் குழந்தைகளுக்கு முழுக் கடலை தொண்டையில் சிக்கும், அவர்களுக்கும் இதுவே நல்லது.

ஆனால் எனக்குப் பிடித்தது மூன்றாவது, நம் கடலை உருண்டையிலேயே கோகோ சேர்ப்பது. வீரமாங்குடிப் பக்கம் பொங்கலுக்கு முன் காய்ச்சும் அச்சு வெல்லம் கிடைத்தால் விடாதீர்கள், பளிச்சென்ற மஞ்சளை விட்டுவிட்டுக் கறுத்ததாகப் பார்த்து எடுங்கள், நிறத்துக்காக ஹைட்ரோஸ் என்ற வெளுக்கும் ரசாயனம் போடுபவர்கள் இருக்கிறார்கள். இரண்டு கப் கடலைக்கு ஒரு கப் வெல்லம். சுருங்கியது, கறுத்தது, பூஞ்சை பிடித்தது எல்லாவற்றையும் முதலிலேயே பொறுக்கிவிடுங்கள், ஒரு கெட்ட கடலை உருண்டை முழுவதையும் கசக்க வைக்கும், அதைவிடப் பூஞ்சையில் வரும் அஃப்ளடாக்சின் என்ற நச்சு கல்லீரலுக்குக் கெடுதல், வறுத்தாலும் முழுதாகப் போகாது. வெல்லத்தைக் கரைத்து மண் போக வடிகட்டிக் காய்ச்சி, ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு உருட்டித் தட்டில் போட்டால் டங்கென்று சத்தம் வர வேண்டும். கோகோவைப் பாகோடு சேர்த்துக் கொதிக்க விட்டால் அடிப்பிடித்துக் கசந்துவிடுகிறது. அதனால் நான் இரண்டு கரண்டி கோகோவைச் சலித்து முதலிலேயே கடலையில் புரட்டிவிடுவேன், பாகை அதன்மேல் ஊற்றிக் கிளறி, கையில் அரிசி மாவு தொட்டுக்கொண்டு சூட்டோடு சூடாக உருட்டுவேன். கை சுடும், வேறு வழியில்லை. ஆறிவிட்டால் உருண்டை சேராது.

இது சித்திரை வெயிலிலும் உருகாது, காற்றுப் புகாத டப்பாவில் போட்டால் இரண்டு வாரம் மொறுமொறுவென்றே இருக்கும். ஐப்பசி அடைமழையில் மட்டும் சீக்கிரம் பிசுபிசுக்கும், அப்போது பாதி அளவு செய்யுங்கள்.

உடம்புக்கு எது நல்லது என்று கேட்டால், வெல்லம், நாட்டுச்சர்க்கரை இரண்டுமே சர்க்கரைதான், பேரீச்சையில் நார்ச்சத்து கூடுதல், ஆனாலும் அதிலும் பெரும்பகுதி சர்க்கரையே. வீட்டில் சர்க்கரை நோய் இருப்பவர்களுக்கு மூன்றுமே வேண்டாம், கோகோ புரட்டிய வெறும் வறுத்த கடலையைக் கொஞ்சம் உப்புப் போட்டுக் கொடுங்கள். அதுவும் ருசிதான்.