தளிக் குளிரில் தனியாளாகச் சேசிஸ் கட்ட ஒரு 200 ஆம்பியர் இன்வெர்ட்டர் வெல்டிங் மெஷின்

ஓசூரில் வாங்கிய சிங்கிள் ஃபேஸ், 200 ஆம்பியர் இன்வெர்ட்டர் வெல்டிங் மெஷின் ஒன்று, தளிக்கு அருகில் உள்ள எங்கள் தோட்டத்துக் கொட்டகையில் இந்த மார்கழி, தை முழுவதும் ஒரு சிறு வண்டியின் சேசிஸ் (அடிச்சட்டம்) வேலைக்கு உழைத்திருக்கிறது. தோட்டத்துக்குள் தக்காளிக் கூடைகளை ஏற்றுவதற்கான வண்டி அது. வகை ஒப்புதல் இல்லாத வண்டிக்குப் பதிவு கிடைக்காது என்பதால், சாலையில் ஓட்டும் எண்ணத்தோடு யாரும் இதில் இறங்க வேண்டாம்.

பழைய டிரான்ஸ்பார்மர் மெஷினை நகர்த்தவே இன்னோர் ஆள் வேண்டும். இதையோ தோளில் மாட்டிக்கொண்டு சேசிஸின் எந்த மூலைக்கும் போய்விடலாம். குளிரில் விறைத்த விரல்களால் வெல்டிங் ராடைத் தட்டினாலும், தொடக்கத்தில் சற்றுக் கூடுதல் கரண்ட் தரும் ஹாட் ஸ்டார்ட் வசதியால் ஆர்க் (உலோகத்தை உருக்கும் மின்சுடர்) உடனே பிடிக்கிறது. 50க்கு 50 மி.மீ. அளவும் 3 மி.மீ. கனமும் உள்ள சதுரக் குழாயில், 2.5 மி.மீ. 6013 ரக ராடை 75, 80 ஆம்பியரில் ஓட்டினால், கசடு தானே சுருண்டு கழன்றுவிடுகிறது. குழாயைப் பிடித்துக்கொள்ள ஆளில்லாத குறையை மூலைமட்டக் காந்தங்கள் தீர்க்கின்றன. ஆனால் இது டிசி (நேர்மின்னோட்ட) மெஷின் என்பதால் அருகிலுள்ள காந்தம் ஆர்க்கைப் பக்கவாட்டில் இழுக்கும். டேக் (தற்காலிகமாகப் பிடித்துவைக்கும் சிறு வெல்டு) அடித்தவுடன் காந்தத்தை எடுத்துவிட்டு, இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து பார்த்த பிறகே முழு வெல்டுக்குப் போக வேண்டும்.

பனிக்கால ஈரம்தான் இங்கே பெரிய எதிரி. அதற்கு எந்த மெஷினிலும் பொத்தான் இல்லை. விடியற்காலையில் குழாயின் உள்ளும் புறமும் நீர் கோத்திருக்கும். அப்படியே பற்றவைத்தால் ஆவி வெளியேறும் வழியில் வெல்டில் ஊசித்துளைகள் விழும். கேஸ் டார்ச்சைக் காட்டினால், சுடர் பட்ட இடத்தைச் சுற்றி மூச்சுவிட்ட கண்ணாடிபோல் ஈரம் படர்ந்து, பிறகு அந்த வளையம் விலகி மறைகிறது. அது மறையும்வரை ராடைத் தொடக்கூடாது. 7018 ரக ராடையும் இந்த மெஷின் நன்றாகவே ஓட்டுகிறது. ஆனால் ஈரம் ஏறிய 7018ஐ 300 டிகிரிக்கு மேல் அடுப்பில் வைத்துக் காயவைக்க வசதியில்லாதவர்கள் 6013உடன் நிறுத்திக்கொள்ளலாம்.

கூட வந்த ஹோல்டரும் எர்த் கிளாம்பும் வெறும் தகரம், இரண்டையும் மாற்றினேன். கேபிள் நீளமும் போதாது. பம்புசெட்டுகள் ஓடும் நேரத்தில் வோல்டேஜ் இறங்கினால் மெஷின் தானே நின்றுவிடுகிறது; மெல்லிய எக்ஸ்டென்ஷன் ஒயர் இருந்தால் நிலைமை இன்னும் மோசம்.

நான் பெரிதாக எண்ணும் குறை வேறு. ஆர்க் இல்லாத நேரத்தில் ராடு முனையின் வோல்டேஜைக் குறைத்துவைக்கும் விஆர்டி இதில் இல்லை. நனைந்த கையுறையும் ஈரத் தரையும் சேர்ந்தால் ஷாக் அடிக்கும். தனியாக வேலை செய்பவரை அப்போது இழுத்துவிட யாருமில்லை. அதனால் காலடியில் உலர்ந்த பலகையைப் போட்டுக்கொண்டுதான் வேலை செய்கிறேன். குளிருக்குப் பயந்து ஷட்டரை முழுதாக இறக்கிவிடுவதும் கூடாது, புகை வெளியேற வழி வேண்டும், முக்கியமாகத் துத்தநாகம் பூசிய குழாயைப் பற்றவைக்கும்போது.

இந்த ரகத்தைப் பல நிறுவனங்கள் ஏறத்தாழ ஒரே அமைப்பில் விற்பதால், பெயரைப் பார்க்காமல், சில நூறு ரூபாய் கூடினாலும் விஆர்டி உள்ளதையே கேட்டு வாங்குங்கள். ஒரு மி.மீ. தகட்டில் பாடி கட்ட நினைப்பவர்களுக்கு இது சரிவராது. அவர்கள், ராடுக்குப் பதில் மெல்லிய கம்பி தானே வந்துகொண்டிருக்கும் மிக் மெஷின் பக்கம் போவதே நல்லது.