செவ்வாயில் லினக்ஸா, விஎக்ஸ்வொர்க்ஸா?

2021-இல் செவ்வாயில் இறங்கிய பெர்சிவியரன்ஸ் ஊர்தியில் ஓடுவது விஎக்ஸ்வொர்க்ஸ் என்ற இயங்குதளம் (ஆபரேட்டிங் சிஸ்டம்). அதன் வயிற்றில் ஒட்டிக்கொண்டு போன இன்ஜெனுவிட்டி ஹெலிகாப்டரில் ஓடியது லினக்ஸ். முன்னது காசு கொடுத்து வாங்கும் மூடிய மென்பொருள். சொன்ன நேரத்துக்குள் வேலை முடியும் என்பதே அதன் பெருமை. ஆனால் அது ஓடும் சிப், கதிர்வீச்சைத் தாங்கும் 200 மெகாஹெர்ட்ஸ் ராட்750. உங்கள் சட்டைப்பையிலுள்ள போன் கேட்டால் சிரிக்கும்.

லினக்ஸுக்குக் கிடைத்ததோ போன்களுக்கான ஸ்னாப்டிராகன் 801 சிப். கேமரா படங்களைப் பார்த்து வழி கண்டுபிடிப்பது அதன் பொறுப்பு. நொடிக்கு 500 முறை பறப்பைத் திருத்தும் வேலையை மட்டும் லினக்ஸிடம் ஒப்படைக்க யாருக்கும் துணிச்சல் வரவில்லை. அதற்குத் தனி மைக்ரோகன்ட்ரோலர்கள், அதாவது ஒரே வேலையைக் கவனிக்கும் குட்டிச் சிப்கள்.

மூடிய மென்பொருளில் பிழையே வராதா? 1997-இல் விஎக்ஸ்வொர்க்ஸ் ஓடிய பாத்ஃபைண்டர் என்ற செவ்வாய் விண்கலம் அடிக்கடி ரீசெட் ஆனது. முன்னுரிமை குறைந்த பணி ஒரு மியூட்டெக்ஸை (ஒரு நேரத்தில் ஒரு பணி மட்டுமே வைத்திருக்கக்கூடிய பூட்டு) பிடித்துக்கொள்ள, நடுத்தரப் பணி குறுக்கே புக, அவசரப் பணி வாசலில் காத்துக் கிடந்தது. காத்திருக்கும் பணியின் முன்னுரிமையைப் பூட்டு வைத்திருக்கும் பணிக்குக் கைமாற்றித் தரும் அமைப்பை 'ஆன்' செய்ததும் தீர்ந்தது.

ஹெலிகாப்டரும் ஆறாவது பறப்பில் தள்ளாடியது: ஒரே ஒரு படம் தொலைய, பின்வந்த படங்களின் நேரக்குறி எல்லாம் பிசகிவிட்டது. ஆனாலும், ஐந்து முறை பறக்கத் திட்டமிட்டது 72 முறை பறந்ததே! சோதனைப் பறவைக்கு என் ஓட்டு லினக்ஸுக்குத்தான். ஊர்தியில் மட்டும் யாரும் கை வைக்க வேண்டாம்.