வாஷர் நாசில் அடைப்பு: ஊசியா, பஞ்சர் கடைக் காற்றா, வினிகரா?

எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிக்குப் பின்னால் ஊர்ந்து போகும்போது கண்ணாடியில் படிகிற புழுதியைத் தண்ணீர் இல்லாமல் வைப்பர் போட்டுத் துடைத்தால் கீறல்தான் மிஞ்சும். அத்திப்பட்டுப் பக்கம் வண்டி நிறுத்துபவர்களுக்கு அனல் மின் நிலையச் சாம்பலும் சேரும். அந்தச் சாம்பலில் பெரும்பங்கு சிலிக்காவும் அலுமினாவும். அதனால் கார் கண்ணாடியில் பீய்ச்சும் வாஷர் தண்ணீர் நின்றுபோனால் நம்ம வடசென்னை ஏரியாவில் தள்ளிப்போடக் கூடாது.

முதலில் அடைப்பு நாசிலில், அதாவது தண்ணீர் பீய்ச்சும் சின்ன வாயில்தானா என்று பாருங்கள். பானெட்டைத் திறந்து, நாசிலுக்கு அடியில் இருக்கும் ட்யூபைக் கழற்றிவிட்டு, வீட்டில் யாரையாவது வாஷர் சுவிட்சை இழுக்கச் சொல்லுங்கள். ட்யூபில் தண்ணீர் பீய்ச்சினால் குற்றவாளி நாசில். மோட்டார் சத்தம் கேட்டும் தண்ணீர் வரவில்லையா? டேங்க் அடியில் உள்ள வலையையோ, நடுவில் மடங்கிய ட்யூபையோ தேடுங்கள். சும்மா இழுத்துக்கொண்டே இருக்காதீர்கள், தண்ணீரில்லாமல் ஓடினால் மோட்டார் கெட்டுவிடும்.

எல்லோரும் முதலில் எடுப்பது குண்டூசி. சட்டென்று வேலை முடியும், செலவும் இல்லை. ஆனால் ஊசி அழுக்கை உள்ளேதான் தள்ளுகிறது, ஓட்டையும் அகலமாகிவிடும். பிறகு கண்ணாடியில் படவேண்டிய தண்ணீர் வேறெங்கோ போகும். குத்தியே ஆகவேண்டுமென்றால் எலெக்ட்ரிக் வயரிலிருந்து மெல்லிய செம்புக் கம்பி ஒன்றை உருவிக்கொள்ளுங்கள். விசிறி மாதிரித் தண்ணீர் தெளிக்கும் புது வகை நாசிலில் அதுவும் வேண்டாம். உள்ளே உள்ள நுண்ணிய வழிகள் கெட்டால் தெளிப்பே மாறிவிடும்.

என் ஓட்டு காற்றுக்குத்தான். அழுக்கு வந்த வழியே வெளியேற வேண்டும், அதைச் செய்வது வெளியிலிருந்து உள்நோக்கி அடிக்கிற காற்று மட்டுமே. ட்யூபைக் கழற்றாமல் அடித்தால் அழுத்தம் மோட்டார் வரை போய் இணைப்புகள் பிடுங்கிக்கொள்ளும். அதனால் பஞ்சர் கடையில், "அண்ணே, ட்யூபைக் கழட்டிட்டேன், மேலேர்ந்து மெதுவா அடிங்க" என்று சொல்லிவிடுங்கள். நாசில் அடியில் ஒரு துணியைப் பிடித்தால் சாம்பல் நிறக் குழம்பு அதில் வந்து விழும். சில வண்டிகளில் நாசிலுக்குள்ளேயே ஒருவழி வால்வு இருக்கும். அதில் எதிர்ப்பக்கமாக அடித்தால் காற்று போகாது, முரட்டுத்தனம் காட்டாதீர்கள்.

காற்றுக்கும் அசையவில்லை, ஓட்டையைச் சுற்றி வெள்ளையாகப் படிந்திருக்கிறது என்றால் அது உப்பு. அங்கே வினிகர்தான் ஜெயிக்கும். கிளிப்பை அழுத்தி நாசிலைக் கழற்றி, வினிகரில் சில மணி நேரம் ஊறவிட்டு, சிரிஞ்சால் நல்ல தண்ணீர் பாய்ச்சுங்கள். சுண்ணாம்புப் படிவு கரையும். சாம்பலும் மணலும் கரையாது, அதற்கு வினிகர் ஊற்றுவது வீண். பெயின்ட்டில் சிந்தினால் உடனே கழுவிவிடுங்கள்.

இந்த உப்பு எங்கிருந்து வருகிறது? மீஞ்சூர் பக்கம் நிலத்தடி நீரில் கடல்நீர் ஏறியது பல வருடக் கதை. போர் தண்ணீரை டேங்கில் ஊற்றினால் பானெட் சூட்டில் அது நாசில் வாயிலேயே காய்ந்து படியும். அதைவிட மோசம், வீணாக்காமல் பிடித்துவைக்கிற ஆர்ஓ கழிவு நீர். வடிகட்டிய உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. வண்டியின் சக்கரத்தைக் கழுவ அது போதும், வாஷர் டேங்குக்கு ஆகாது. ஆர்ஓவின் நல்ல தண்ணீரோ, துணியில் வடிகட்டிய ஏசி தண்ணீரோ ஊற்றுங்கள். துணிப் பவுடர் கரைத்து ஊற்றும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள், கரையாத பவுடரும் ஓட்டையில் போய் அடைத்துக்கொள்ளும்.

புது நாசில்? பிளாஸ்டிக் விரிசல் விட்டிருந்தால், அல்லது குண்டூசியால் ஓட்டை ஏற்கெனவே அகன்றிருந்தால் அதுதான் சரி. சென்னையில் வண்டி உதிரிபாகக் கடைகள் உள்ள புதுப்பேட்டைக்கோ ஜி.பி. ரோட்டுக்கோ பழைய நாசிலைக் கையோடு எடுத்துப் போய், ட்யூப் மாட்டும் காம்பின் தடிமனை ஒப்பிட்டு வாங்குங்கள். ஓட்டை ஒரு திருப்பக்கூடிய சின்ன உருண்டையில் இருக்கும் நாசிலாக இருந்தால் மாட்டியபின் ஊசி முனையால் மெதுவாகத் திருப்பி, தண்ணீர் கண்ணாடியின் நடுவுக்குச் சற்று மேலே விழும்படி வையுங்கள். வண்டி ஓடும்போது காற்று அதைக் கீழே தள்ளும்.