38 ஏக்கரில் மட்குத் தேநீர்: ஏழாண்டு அனுபவம்

ஆனைமலை வட்டாரத்தில் எங்களுக்கு 30 ஏக்கர் தென்னையும் 8 ஏக்கர் வாழையும் இருக்கின்றன. தென்னையின் ஒரு பகுதியில் கோகோவும் ஜாதிக்காயும் ஊடுபயிராக நிற்கின்றன. இந்தத் தோட்டத்தில் 2017 முதல் மட்குத் தேநீரைப் பயன்படுத்தி வந்திருக்கிறோம். நன்கு மட்கிய எருவைத் துணிமூட்டையாகக் கட்டித் தொட்டி நீரில் தொங்கவிட்டு, கொஞ்சம் நாட்டுச் சர்க்கரை சேர்த்து, இடைவிடாமல் காற்றடித்து ஒரு நாளுக்கு மேல் ஊறவைத்தால் கிடைக்கும் சாறுதான் அது. தோட்டத்து ஆட்கள் முதல் வாரமே அதற்கு ‘எருக்கசாயம்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். அதற்கு முன்பு, சாணமும் கோமியமும் கலந்து புளிக்கவைக்கும் ஜீவாமிர்தத்தை ஊற்றிப் பழகியிருந்ததால், ஏக்கருக்கு 200 லிட்டர் என்ற அதே கணக்கையே இதற்கும் வைத்துக்கொண்டோம். எங்கள் சிக்கல்களில் பாதி அந்தக் கணக்கிலிருந்துதான் தொடங்கியது.

1,000 லிட்டர் தொட்டி ஒன்றில் ஒரு முறை தயாரித்தால் 5 ஏக்கருக்குத்தான் வரும். 38 ஏக்கருக்கு எட்டு முறை தயாரிக்க வேண்டும். ஊறுவதற்கு 30 மணி நேரமும், பிறகு தொட்டியையும் குழாய்களையும் வழவழப்புப் போகத் தேய்த்துக் கழுவுவதற்கு அரை நாளும் பிடிப்பதால், தோட்டத்தை ஒரு சுற்று முடிக்க ஏறத்தாழ பதினாறு நாட்கள் ஆயின. மூட்டை உரம் போல இதை வாங்கி அடுக்கிவைத்து வேண்டும்போது எடுக்கவும் முடியாது. காற்று நின்ற சில மணி நேரத்திலேயே நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனை நுண்ணுயிர்கள் தீர்த்துவிடுகின்றன. அதன்பின் பெருகுவது வேறு வகை உயிர்கள். முதல் ஆண்டு மழைக்கால இரவொன்றில் மின்சாரம் போய், விடியும் வரை காற்றடிக்கும் ப்ளோயர் ஓடவில்லை. காலையில் தொட்டியருகே போனபோது மண்வாசனைக்குப் பதிலாகச் சாக்கடை வாடை அடித்தது. அந்த 1,000 லிட்டரையும் எருக்குழியிலேயே கொட்டிவிட்டு, மறுவாரம் இன்வெர்ட்டர் வாங்கினோம்.

ஆட்கூலியை மிச்சப்படுத்தலாம் என்று நினைத்துச் சாற்றைச் சொட்டுநீர்க் குழாய் வழியாக வென்சுரி (ஓடும் நீரோடு திரவத்தை உறிஞ்சிக் கலக்கும் கருவி) வைத்து விட்டதுதான் நாங்கள் செய்த பெரிய தவறு. இரட்டைத் துணியில் வடிகட்டி, அதற்கு மேல் டிஸ்க் ஃபில்டரும் வைத்திருந்தோம். அப்படியிருந்தும் ஆறு மாதத்தில் வாழைத் தோட்டத்துச் சொட்டுவான்கள் பல அடைத்துக்கொண்டன. துகள்கள்தான் காரணம் என்று நினைத்து இன்னும் நெருக்கமான வலை தேடி அலைந்தோம். கடைசியில் ஒரு குழாயை நீளவாக்கில் அறுத்துப் பார்த்தபோது உட்புறம் முழுவதும் பாசி போன்ற மெல்லிய படலம் படிந்திருந்தது. சர்க்கரையும் நுண்ணுயிரும் சேர்ந்த திரவத்தைக் குழாயில் தேங்கவிட்டால் அவை அங்கேயே குடித்தனம் நடத்தத்தானே செய்யும்? அதன் பிறகு சாறு விட்டு முடித்ததும் அரை மணி நேரம் வெறும் தண்ணீர் ஓட விடுவதும், மாதம் ஒரு முறை குழாய்களின் கடைசி மூடியைத் திறந்து கழுவிவிடுவதும் வழக்கமாயின. தென்னைக்குச் சொட்டுநீரைக் கைவிட்டு, டிராக்டர் டேங்கரில் ஏற்றி வட்டப்பாத்தியில் ஊற்றினோம்.

பாத்தியில் ஊற்றிக்கொண்டிருந்தபோதுதான், முதலிலேயே போட்டுப் பார்த்திருக்க வேண்டிய கணக்கைப் போட்டேன். 25 அடி இடைவெளியில் ஏக்கருக்கு 70 மரம் என்றால் ஒரு மரத்துக்கு மூன்று லிட்டர் கூட வராது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகப் பரிந்துரைப்படி காய்க்கும் தென்னை ஒன்றுக்கு ஆண்டுக்கு 50 கிலோ தொழுவுரத்துடன் 560 கிராம் தழைச்சத்தும் (நைட்ரஜன்) 320 கிராம் மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) 1,200 கிராம் சாம்பல் சத்தும் (பொட்டாஷ்) வேண்டும். அதாவது ஏக்கருக்குத் தழைச்சத்து மட்டும் 39 கிலோவைத் தாண்டுகிறது. நாங்களோ 1,000 லிட்டருக்கு 40 கிலோ எரு போடுகிறோம். அதில் நூற்றுக்கு ஒரு பங்கு தழைச்சத்து என்று கொண்டு, அது முழுவதும் நீரில் இறங்கிவிட்டதாகவே வைத்துக்கொண்டாலும், ஒரு முறை ஊற்றும்போது ஏக்கருக்கு 80 கிராம்தான் சேரும். மட்குத் தேநீர் உரத்துக்கு மாற்று என்று எங்களுக்கு விற்பனைப் பேச்சாகச் சொன்னவர் இந்தக் கணக்கைச் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. இரண்டாம் ஆண்டில் எருவைக் குறைத்துச் சாற்றை மட்டும் நம்பிய ஏழு ஏக்கரில், அடுத்த ஆண்டு அடிமட்டைகள் வெளிறி, குலைக்கு நின்ற காய்கள் குறைந்தன. அங்கே மீண்டும் எரு வண்டியை ஓட்ட வேண்டியதாயிற்று.

நோய், பூச்சி விஷயத்தில் எங்கள் அனுபவம் கலவையானது. 2016இல் பொள்ளாச்சிப் பகுதியில் தென்பட்ட சுருள் வெள்ளை ஈ எங்கள் தோப்பையும் விடவில்லை. அதற்கும், அதைத் தொடர்ந்து ஓலையில் படியும் கரும்பூசணத்துக்கும் இந்தச் சாறு எதுவுமே செய்யவில்லை. வாழை இலைப்புள்ளி நோய்க்கு, பதினைந்து நாளுக்கு ஒரு முறை வெயில் தாழ்ந்தபின் தெளித்தோம். ஓர் ஆண்டு தெளித்த வரிசைகளில் புள்ளி குறைவாகத் தெரிந்தது. மழை மிகுந்த அடுத்த ஆண்டில் தெளிக்காத வரிசைக்கும் அதற்கும் வேறுபாடு காண முடியவில்லை. தெளிக்காத வரிசைகளை விட்டுவைத்திருக்காவிட்டால் முதல் ஆண்டோடு நிறுத்திக்கொண்டு இதை அருமருந்து என்று ஊரெல்லாம் சொல்லியிருப்பேன்.

தெளிவான பலன் கிடைத்த இடம் நாற்றங்கால். கோகோ, ஜாதிக்காய் நாற்றுப் பைகளில் வாரம் ஒரு முறை ஊற்றியவை, வெறும் தண்ணீர் ஊற்றியவற்றைவிடத் தொடர்ந்து நான்கு பருவங்களாக அடர்ந்த வேர் பிடித்திருந்தன. சிறிய பையில் உள்ள கொஞ்ச மண்ணுக்கு அந்த அளவு போதுமானதாக இருப்பதுதான் காரணம் என்று கருதுகிறேன். வாழைக் கன்றுகளை நடுமுன் அரை மணி நேரம் இதில் நனைப்பதையும் விடவில்லை. ஆனால் அதற்குத் தண்ணீரில் நனைத்த கன்றுகளோடு ஒப்பிட்டுப் பார்க்கவில்லை என்பதால் பலன் இன்னதென்று சொல்லமாட்டேன்.

ஒரு விஷயத்தில் மட்டும் அலட்சியம் கூடாது. அமெரிக்க இயற்கை வேளாண் தர வாரியத்தின் மட்குத் தேநீர்ப் பணிக்குழு, சர்க்கரை போன்ற ஊட்டங்களைச் சேர்க்கும்போது எருவில் மிஞ்சியிருக்கும் நோய்க்கிருமிகளும் பெருகக்கூடும் என்று 2004 அறிக்கையில் எச்சரித்திருக்கிறது. அரைகுறையாக மட்கிய சாணத்தில் அந்த அபாயம் இன்னும் அதிகம். எனவே வீட்டுக்கென்று போட்டிருக்கும் கீரை, வெள்ளரிப் பாத்திகளின் பக்கம் இதைக் கொண்டுபோவதில்லை. எருக்குவியல் கை பொறுக்காத சூடேறி, புரட்டி, ஆறி முடிந்த பிறகே அதிலிருந்து மூட்டை கட்டுகிறோம்.

சென்ற ஆண்டு முதல் தென்னைக்கு மட்குத் தேநீரை முற்றிலும் நிறுத்திவிட்டோம். அதற்குச் செலவான ஆள்நாட்களை மட்டைகளைத் துகளாக்கி எருக்குழி நிரப்புவதற்குத் திருப்பியிருக்கிறோம். வாழைக்கு ஆண்டுக்கு நான்கு முறை ஊற்றுவதை இன்னும் இரண்டு பருவம் தொடர்ந்து பார்க்கலாம் என்றிருக்கிறேன். நாற்றங்காலுக்கு 200 லிட்டர் பேரல் ஒன்றும் மீன்தொட்டிக் கடையில் வாங்கிய சிறிய காற்றுப் பம்பும் போதுமானவையாக இருக்கின்றன.